கேட் வரைக்கும் நானும் வர்றேன்: சக பெற்றோர் துணை, ஓர் எளிய விளக்கம்

நீலகிரி மாவட்டத்தில் பந்தலூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. கேட்டுக்கு எதிரே டீக்கடை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூலை மாதக் காலை, மழை விட்டும் விடாத நேரம். எங்கள் லைனை, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையை, சேர்ந்த ஒரு அம்மா அந்த டீக்கடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படுதாவைக்கூட அவிழ்க்கவில்லை. கையில் நான்காக மடித்த ஒரு துண்டுச் சீட்டு. "அம்மாவை வரச் சொல்லவும்" என்று வகுப்பு டீச்சர் அவர் மகனிடம் எழுதிக் கொடுத்தனுப்பியது. அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றார். கேட்டைத் தாண்டவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் பள்ளியில் என்னிடம் சொன்னார்கள்: "அந்தப் பையன் வீட்டுல அக்கறையே இல்லைங்க. கூப்பிட்டாக்கூட வர்றதில்ல."

பள்ளிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அரைநாள் கூலி போனது அந்த அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். டீக்கடைக்கும் கேட்டுக்கும் நடுவே இருப்பது பத்தடி ரோடு. அந்தப் பத்தடியைத் தாண்ட அவருக்குத் துணிச்சல் வரவில்லை. உள்ளே போனால் என்ன கேட்பார்களோ, எங்கே கையெழுத்துப் போடச் சொல்வார்களோ, பையன் என்ன தப்புச் செய்துவிட்டானோ என்று ஆயிரம் நினைப்பு. இதை அவர் என்னிடம் சொன்னது குழாயடியில், குடம் நிரம்புகிற நேரத்தில்.

"நாளைக்கு நானும் அந்தப் பக்கம்தான் போறேன். கேட் வரைக்கும் நானும் வர்றேன், வா" என்றேன். போனோம். கேட்டோடு நிற்காமல் வகுப்பு வாசல் வரைக்கும் போனோம். டீச்சர் கூப்பிட்ட காரணம் இதுதான்: பையன் கரும்பலகையைக் கண்ணை இடுக்கிப் பார்க்கிறான், கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். அந்த வருடம் அரசு கொடுக்கிற இலவசக் கண்ணாடி அவனுக்குக் கிடைத்தது. ஒரு கண்ணாடிக்காக அந்த அம்மா இரண்டு வாரம் தூக்கமில்லாமல் இருந்திருக்கிறார்.

நான் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. கல்வி வேலையில் இருப்பவர்கள் இதை 'பியர் அவுட்ரீச்' என்கிறார்கள். தமிழில் 'சக பெற்றோர் துணை' என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் லைனில் இதற்கு இருக்கும் சொல் இன்னும் எளிது: 'கூடப் போறது'. பிள்ளையின் படிப்பு விஷயத்தில் ஒரு படி முன்னால் ஏறிப் பார்த்துவிட்ட அம்மாவோ அப்பாவோ, அந்தப் படியில் கால் வைக்கத் தயங்குகிற இன்னொரு வீட்டுக்குத் துணையாகப் போவது. டீச்சருக்குப் பதிலாக இன்னொரு டீச்சர் ஆவதில்லை இது. டியூஷனும் இல்லை. பிள்ளைக்கு நேராக எதுவும் சொல்லித் தருவதில்லை. பெற்றவரின் கூச்சத்தைப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்வதுதான் வேலை.

'சக' என்றால் யார்?

மகளிர் குழுவில் இருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரியில் தொடங்கியபோது, பேங்க் வாசலையே மிதிக்காத பெண்களை உள்ளே கூட்டிப் போனது யார்? பேங்க் மேனேஜர் வந்து கூப்பிடவில்லை. ஏற்கெனவே ஒருமுறை உள்ளே போய்ச் செலான் எழுதிவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரிதான் கூட்டிப் போனாள். "ஒண்ணும் பயமில்ல, அந்த ரெண்டாவது கவுண்டர்" என்று அவள் சொன்னதில் இருந்த தெம்பு எந்த நோட்டீசிலும் வராது. 1990-களில் அறிவொளி இயக்கம் தெருவிளக்கடியில் எழுத்துச் சொல்லித் தந்ததும் இந்த வழியில்தான். சொல்லித் தந்தவர்களில் பெரும்பாலானோர் அதே ஊர்ப் பிள்ளைகள். கூடலூரில் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களே பயிற்சி எடுத்து நர்சுகளாக இருக்கிறார்கள். வித்யோதயா பள்ளியில் ஆதிவாசி இளைஞர்கள் ஆசிரியர்களாக நிற்கிறார்கள். தன் மொழியில் பேசுகிற ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தால் கால் தானாக உள்ளே வரும்.

ஆகவே 'சக' என்பவர் ஒரே நேரத்தில் மஸ்டருக்கு (தோட்டத்தில் காலைப் பேர் பதிவுக்கு) ஓடுகிறவர், ஒரே மேஸ்திரியிடம் பேச்சு வாங்குகிறவர், ஒரே ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர். எங்கள் பக்கம் இதை நிதானமாக யோசித்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1964-ல் இலங்கையோடு செய்துகொண்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய குடும்பங்கள் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறின. என் அம்மா வழியும் அப்படி வந்ததுதான். மலையாளம் பேசுகிற குடும்பங்கள் உண்டு. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் என்ற ஆதிவாசி மக்களின் ஊர்கள் உண்டு. இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து லைனில் தங்கித் தோட்ட வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து 'அ, ஆ' எழுதுகின்றன.

பணியர் ஊருக்கு நான் போனால் நான் வெளியாள். எவ்வளவு அன்பாகப் பேசினாலும் "சரிக்கா" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். பணிய மொழி பேசுகிற, தன் பெண்ணைப் பத்தாவது வரைக்கும் அனுப்பிப் பார்த்த ஓர் அம்மா போனால் பேச்சே வேறு. நான் செய்ய வேண்டியது அந்த அம்மாவைக் கண்டுபிடித்து அவருக்குத் துணை நிற்பது. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

கூட்டம் போட்டுச் சொன்னால் போதாதா?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். போதாது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. உத்தரப்பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 2005, 2006-ல் பொருளாதார ஆய்வாளர்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, கிராமக் கல்விக் குழு என்றால் என்ன, பெற்றோருக்கு என்ன உரிமை என்று விளக்கிப் பார்த்தார்கள். இன்னும் சில ஊர்களில், பிள்ளைகளின் வாசிப்பைத் தாங்களே சோதித்துப் பார்க்கவும் மக்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். பெற்றோர் பள்ளிக்குப் போவதில் மாற்றம் எதுவும் வரவில்லை. மூன்றாவது வகை ஊர்களில் உள்ளூர் இளைஞர்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி கொடுத்து, வாசிப்பு வகுப்பு நடத்துங்கள் என்று விட்டார்கள். அங்கே ஆட்கள் முன்வந்தார்கள். அந்த வகுப்புக்குப் போன பிள்ளைகளின் வாசிப்பு நன்றாகவே முன்னேறியது. உரிமையைப் பற்றிக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன மனுசருக்கு, நாளைக் காலை எழுந்து எதைச் செய்வது என்று தெரியாது. கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் தெரியும்.

பீகாரிலும் ராஜஸ்தானிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்போடு சேர்ந்து நடந்த இன்னோர் ஆய்வு 2017-ல் வெளியானது. ஒருவர் வாராவாரம் வீட்டுக்குப் போய், பிள்ளையோடு சேர்ந்து செய்ய அம்மாவுக்கு ஒரு சின்ன விளையாட்டோ பயிற்சியோ கொடுத்துவிட்டு வருவார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களும் அதில் இருந்தார்கள். பிள்ளைகளின் கணக்கில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. சிறியதுதான், நான் கூட்டிச் சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளை படிப்பில் அம்மாவின் பங்கு கூடியது.

வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டால் போதும் என்பவர்களுக்கு ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டு அனுபவம் ஒன்று. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியபோது சில வீடுகளுக்குக் கணக்கை எஸ்.எம்.எஸ்.ஸில் மட்டும் அனுப்பினார்கள். சில வீடுகளுக்கு எஸ்.எம்.எஸ்.ஸோடு வாரம் ஒருமுறை போன் பண்ணி, பெற்றவரையும் பிள்ளையையும் வைத்துப் பதினைந்து, இருபது நிமிடம் பேசினார்கள். போன் போன வீட்டுப் பிள்ளைகள்தான் கணக்கில் தெளிவாக முன்னேறினார்கள். எங்கள் லைனில் பாதி வீட்டில் டவர் கிடைக்க மேட்டுக்கு ஏற வேண்டும். அது வேறு கதை.

முதல் முறை ஒரு வீட்டுக்குப் போகும்போது

எப்போது போவது என்பதிலேயே பாதி இருக்கிறது. பறித்த கொழுந்தை எடை போட்டு முடித்து வீடு வந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு பற்ற வைத்த பிறகு போக வேண்டும். சாயங்காலம் ஆறரைக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கு முந்தின வாரம் போகாதீர்கள். கதவு தட்டுகிற சத்தம் கேட்டாலே கடன்காரர் நினைப்புதான் வரும். நோட்டு, பேனா எடுத்துப் போகாதீர்கள். கணக்கெடுக்க வந்த ஆள் என்று முகம் மாறிவிடும். வீட்டில் மாமியார், கொழுந்தனார் எல்லாம் கூடி இருந்தால் படிப்பைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், சும்மா வந்தேன் என்று சொல்லி ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள். அந்த நடை வீண் இல்லை.

பேச்சு இப்படித்தான் போகும்:

"இன்னிக்கு எத்தனை கிலோக்கா?"

"முப்பத்தொண்ணு. மழையில கை வெரைச்சுப் போச்சு."

"சின்னவன் எப்படி இருக்கான்?"

"அவன் எங்க படிக்கிறான். நானும் படிச்சிருந்தா ஒக்காந்து சொல்லிக் குடுப்பேன். எனக்கென்ன தெரியும்?"

அந்த 'எனக்கென்ன தெரியும்' வரும்போது கவனமாக இருங்கள். அதுதான் கதவு. "அப்படியெல்லாம் சொல்லக் கூடாது, படிப்புதான் சொத்து" என்று ஆரம்பித்தால் அந்தக் கதவு சாத்திவிடும். படிப்பு சொத்து என்று தெரியாத ஒரு தோட்டத் தொழிலாளியை நான் இதுவரை பார்த்ததில்லை. முப்பது கிலோ கொழுந்தைத் தலையில் சுமந்து மேடேறுகிற ஒவ்வொருவரும் தன் பிள்ளை இதைச் சுமக்கக் கூடாது என்று நினைத்துத்தான் ஏறுகிறார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது 'ஏன்' இல்லை, 'எப்படி'.

அப்போது உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லுங்கள். நான் சொல்வது இது: "எம் பெரியவன் ரெண்டாவது படிக்கும்போது ரகரம் றகரம் எல்லாம் மாத்தி மாத்தி எழுதுவான். எனக்கு எதைக் கேக்கணும்னே தெரியாது. ஒருநாள் டீச்சர்கிட்ட, இவன் அரும்பா, மொட்டா, மலரான்னு மட்டும் கேட்டேன். அவங்க ஒக்கார வெச்சுச் சொன்னாங்க." தமிழ்நாட்டில் 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அவரவர் கற்றிருக்கும் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பயிற்சி தருகிறார்கள். ஆங்கிலம் தெரியாத, மார்க் கணக்குப் புரியாத அம்மாவும் இந்த மூன்று சொல்லைக் கேட்கலாம். "எம் பிள்ளை எதுல இருக்கு? அடுத்ததுக்குப் போக வீட்டுல என்ன செய்யணும்?" இந்த இரண்டு கேள்வியோடு ஒருவர் பள்ளிக்குப் போனால் அங்கே அவருக்குக் கிடைக்கும் மரியாதையே வேறு. வாசலில் கைகட்டி நிற்கிறவராக இல்லாமல் விசாரிக்க வந்தவராக உட்காருவார்.

ஒரு நடைக்கு ஒரு விஷயம், அதற்கு மேல் வேண்டாம். ஆதார், சாதிச் சான்றிதழ், வீட்டுப்பாடம், செல்போன், சத்துணவு என்று மூட்டையை அவிழ்த்துவிட்டால் எதுவும் மனதில் நிற்காது. அந்த வாரத்துக்குள் முடிகிற ஒரே வேலையைப் பேசி முடியுங்கள். அடுத்த வாரம் கட்டாயம் திரும்பிப் போங்கள். முதல் நடையைவிட இரண்டாவது நடை முக்கியம். முதல்முறை எல்லோரும் வருவார்கள்: சர்வே எடுப்பவர், ஓட்டுக் கேட்பவர், படம் பிடிப்பவர். இரண்டாவது முறை வருகிறவரைத்தான் நம்புவார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா என்ன செய்ய முடியும்?

நிறைய. இதில்தான் எனக்கு ஆசை அதிகம்.

பீன்ஸ் நறுக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து உரக்கப் படிக்கச் சொல்லலாம். பத்து நிமிடம் போதும். தவறாகப் படித்தால் அம்மாவுக்குத் தெரியாதே என்பார்கள். தெரிய வேண்டியதில்லை. "இப்ப படிச்சியே, அதுல என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேட்டால் போதும். எழுத்தைக் கூட்டி மட்டும் படித்த பிள்ளை திணறும். புரிந்து படித்த பிள்ளை கதையாகச் சொல்லும். அந்த வித்தியாசம் எந்த அம்மாவுக்கும் காதிலேயே தெரிந்துவிடும்.

நோட்டைப் புரட்டிப் பார்க்கலாம். எழுத்து தெரியாவிட்டாலும் தேதி எண்கள் தெரியும். போன் நம்பர் போடுகிற, காலண்டர் பார்க்கிற எல்லோருக்கும் எண் தெரியும். நேற்றைய தேதி நோட்டில் இருக்கிறதா? பக்கம் பாதியில் நிற்கிறதா? டீச்சரின் சிவப்பு மை விழுந்திருக்கிறதா? இந்த மூன்றும் பார்த்தாலே பிள்ளை பள்ளியில் என்ன செய்கிறது என்று ஒரு குறிப்புக் கிடைக்கும். அதைவிட, அம்மா நோட்டைப் புரட்டுகிறாள் என்பது பிள்ளைக்குத் தெரிகிறது.

பிறகு எடைக் கணக்கு. எங்கள் லைனில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கூட்டலில் தடுமாறிக்கொண்டிருந்தான். அவன் அம்மாவிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னேன்: சாயங்காலம் வந்ததும் அன்றைய எடையை அவனிடம் சொல்லுங்கள், அவன் கூட்டட்டும். முதல் நாள் அடுப்படியில் நானும் இருந்தேன். "காலையில பதினொண்ணு, மத்தியானம் பதினாலு, சாயங்காலம் ஒம்போது" என்றார் அம்மா. பையன் சுவரில் மாட்டியிருந்த காலண்டர்த் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினான். விரலை மடக்கி, விட்டு, மறுபடி மடக்கி, முப்பத்து நாலு என்றான். "ஈர இலைக்கு மூணு கிலோ கழிவு" என்றார் அம்மா. முப்பத்தொன்று. எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து, "ஏம்மா, நேத்து நீ இருபது கிலோதான் எடுத்தே, அதுக்கும் மூணுதான் கழிச்சாங்களா?" என்று கேட்டான். அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் உடனே சொல்ல வரவில்லை. விகிதம் என்ற பாடம் ஆறாம் வகுப்பில்தான் வரும். அவன் அதை அடுப்படியிலேயே தொட்டுவிட்டான்.

கதை சொல்வதும் படிப்புதான். அம்மா எந்த மொழியில் நன்றாகக் கதை சொல்வாளோ அந்த மொழியில் சொல்லட்டும்; படுகு, பணிய மொழி, மலையாளம், சந்தாலி எதுவானாலும் சரி. வீட்டு மொழியில் வளமாகப் பேசுகிற பிள்ளை பள்ளி மொழியையும் பிடித்துக்கொள்ளும். வீட்டில் தமிழிலேயே பேசுங்கள் என்று யாராவது சொன்னால் அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

வழியும் காகிதமும்

சில வீடுகளில் பிரச்சினை கூச்சமே இல்லை, யானை. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பக்கத்துப் பள்ளி. ஆறாம் வகுப்புக்குத் தூரம் போக வேண்டும். பஸ் பாஸ் இலவசம்தான், ஆனால் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதை. தேவாலா பக்கத்து மழையில் ஜூன், ஜூலையில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. பெண் பிள்ளை என்றால் "இந்த வருசம் போகட்டும்" என்று நிறுத்திவிடுவார்கள். அந்த ஒரு வருடம் அப்படியே முழுப் படிப்பையும் விழுங்கிவிடும். இதற்கு அறிவுரை உதவாது. நான்கு வீட்டுப் பெற்றோர் சேர்ந்து முறை வைத்துக் கூட்டிப் போனால் உதவும்: இந்த வாரம் இவர், அடுத்த வாரம் அவர். இதுவும் சக பெற்றோர் துணைதான். சொல்லப்போனால் இதுதான் எங்கள் பக்கம் அதிகப் பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தி வைத்திருக்கிறது.

காகித விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின்படி 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி உண்டு. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. டி.சி. வரத் தாமதம் என்று வேறு பள்ளி காக்க வைக்கக் கூடாது. இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். அடிப்பதும் மனதை நோகடிப்பதும் சட்டப்படி தடை. வேலை தேடி ஊர் மாறி வருகிற குடும்பங்களுக்கு இந்த வரிகள் தெரியாது. மெதுவாகச் சொல்லி, தேவைப்பட்டால் கூடப் போங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் சேர்ந்ததும் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. எட்டாவதோடு நிறுத்தலாமா என்று யோசிக்கிற வீட்டில் இதைச் சொன்னால் காது கொடுப்பார்கள். கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைத் திருமணமோ, பிள்ளையை வேலைக்கு அனுப்புவதோ, அடி உதையோ தெரிய வந்தால் 1098. அது தனி ஆளாகத் தீர்க்கிற விஷயம் இல்லை, தாமதிக்காமல் கூப்பிடுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள் என்பதும் அதே சட்டம்தான். கூட்டத்தைப் பகலில், எடை போடுகிற நேரத்தில் வைத்தால் தோட்டத்து அம்மாக்கள் யாரும் வர முடியாது. நேரத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் மாற்றுகிற தலைமை ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

தவறுகிற இடங்கள்

என் தவறையே சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். பிள்ளை ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. மாமியார் முன்னாலேயே அந்தப் பெண்ணிடம், "பிள்ளையை அனுப்பாம என்னதான் பண்றே?" என்று கேட்டுவிட்டேன். நல்ல எண்ணத்தில்தான் கேட்டேன். அவளுக்கு அது பெரிய தலைகுனிவு. இரண்டு மாதம் என்னைக் கண்டால் குழாயடியிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். பிறகுதான் தெரிந்தது: வீட்டுக்காரர் விழுந்து கால் உடைந்து கிடந்தார், ஏழு வயதுப் பிள்ளை அப்பாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வீட்டில் இருந்தது. நான் முதலில் கேட்டிருக்க வேண்டியது "என்னாச்சு?" என்ற ஒரே சொல். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பகலில் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள வேலைக்குப் போகாத பாட்டி ஒருவரைப் பேசி வைத்தோம். பிள்ளை பள்ளிக்கு வந்தது.

இன்னொன்று ரகசியம். ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் சொன்னால் அன்றோடு வேலை முடிந்தது. லைனில் சுவர் மெல்லியது. ஒரு பேச்சு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக ஒரு நிமிடம் ஆகாது. பள்ளியிலும் அப்படியே: டீச்சருக்கு ஒற்றர் போல ஆகிவிடாதீர்கள். "அந்த வீட்டுல குடிக்கிறாராமே?" என்று யாராவது விசாரித்தால், "பிள்ளை விஷயம் கேளுங்க, சொல்றேன்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். குடிக்கிறவர் வீட்டிலும் பிள்ளைக்காகக் காலையில் நாலரை மணிக்கு எழுந்து சோறு கட்டுகிற ஒருவர் இருப்பார். உங்களைத் தேடி வரப்போவது அவர்தான்.

எப்போதும் நீங்களே முன்னால் பேசிக்கொண்டிருப்பதும் தவறுதான். முதல் முறை டீச்சரிடம் நீங்கள் பேசுங்கள், அவர் கேட்கட்டும். இரண்டாம் முறை அவர் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். மூன்றாம் முறை டீக்கடையிலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். கண்ணாடி போட்ட பையனின் அம்மா இப்போது தனியாகத்தான் போகிறார். போன மாதம் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பெண்ணையும் கூட்டிப் போயிருக்கிறார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். "அவ கையைப் புடிச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்" என்றார்.

கூலி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இதைப் பெண்கள் இலவசமாகச் செய்ய வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அரைநாள் போனால் அரைநாள் சம்பளம் போகிறது. 2021-ல் தொடங்கிய, வீட்டருகே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலருக்கு மாதம் 1000 ரூபாய் கொடுத்தார்கள். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தின் லோகன் ஸ்கொயர் பகுதியில் 1995 முதல் பெற்றோரே தினமும் வகுப்பறையில் துணைக்கு நிற்கும் திட்டத்திலும் உதவித்தொகை உண்டு. அமைப்புகளோ பள்ளியோ உங்களைக் கூப்பிட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள். ஒருவரையொருவர் நம்பி லைனுக்குள் செய்வது என்றால் கூலிக்குப் பதில் முறை வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் பள்ளிக்குப் போகிற நாளில் உங்கள் வீட்டுத் தண்ணீரை அவர்கள் பிடித்து வைக்கட்டும்.

எங்கள் லைனில் கூட்டிப் போகும் முறை ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கம் கரித்துண்டால் எழுதி, ரேஷன் கடை போகிற வழியில் என் வீட்டுக் கதவில் மாட்டியிருக்கிறது. ஏழு வீட்டுப் பேர். எழுதத் தெரியாத இரண்டு பேருக்கு ஒரு குடை, ஒரு டார்ச் என்று படம் போட்டிருக்கிறோம். பள்ளி திறந்ததும் முதல் வாரம் குடைக்காரர். அடுத்த வாரம் என் முறை.